வரப்போரக் கல்லிலிருந்து அருங்காட்சியகம் வரை: தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஓர் எளிய விளக்கம்

அருங்காட்சியகமும் நினைவிடமும் கலையரங்கும் ஒரு வட்டாரத்தில் பெருகி வருகின்றன என்றால் நமக்குக் கட்டடமும் திறப்பு விழாவும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் கட்டடம் கடைசிப் படி. அதற்கு முன்னால் யாரோ ஒருவர் வரப்போரத்தில் சாய்ந்து கிடந்த ஒரு கல்லைப் பார்த்து, அது எந்தப் புல எண்ணில், எந்தத் திசை பார்த்து, எவ்வளவு உயரத்தில் நின்றது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத கல்லுக்கு எத்தனை கோடியில் மண்டபம் எழுப்பினாலும், பார்க்க வருகிறவருக்குச் சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்த வளர்ச்சி எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது, ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம் என்பதை முதலிலிருந்து பார்ப்போம்.

எது எந்தத் துறையின் கையில்?

தொடக்கத்திலேயே குழப்புவது இதுதான். நாம் எல்லாவற்றையும் 'மியூசியம்' என்று சொல்லிவிடுகிறோம். அரசாங்கத்தில் அவை வேறு வேறு கைகளில் இருக்கின்றன. யாரிடம் போக வேண்டும் என்று தெரியாததால் நின்றுபோன மனுக்கள் ஏராளம்.

கிருஷ்ணகிரியில் 1993-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் தமிழ்நாடு அரசின் அருங்காட்சியகங்கள் துறையைச் சேர்ந்தது. சென்னை எழும்பூரில் இருக்கிறதே, 1851-இல் தொடங்கிய பெரிய அருங்காட்சியகம், அதே குடும்பம். இந்தத் துறையின் மாவட்ட அருங்காட்சியகங்களில் தொல்பொருள் மட்டும் இருக்காது. நாணயம், பழங்குடியினரின் புழங்குபொருள், பாறை, பதப்படுத்திய பறவை என எல்லாம் கலந்திருக்கும். பொறுப்பாளருக்குக் காப்பாட்சியர் என்று பெயர். வெள்ளிக்கிழமையும் இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை. பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டாம்.

தருமபுரி நகரில் நடுகற்கள், அதாவது சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக்கற்கள், வரிசையாக நிற்கும் இடம் அகழ்வைப்பகம். அது மாநிலத் தொல்லியல் துறையுடையது. அகழாய்விலும் கள ஆய்விலும் கிடைத்தவற்றை, கிடைத்த வட்டாரத்திலேயே வைப்பதுதான் அகழ்வைப்பகத்தின் நோக்கம். ஆகவே பொருள்வகை குறைவாக இருக்கும், ஆனால் ஒரே வகைப் பொருளை ஆழமாகப் பார்க்கலாம். நடுகல்லைப் புரிந்துகொள்ள நினைப்பவர் முதலில் வர வேண்டியது இங்கேதான்.

மூன்றாவது வகை, பாதுகாக்கப்பட்ட சின்னம். இராயக்கோட்டை மலைக்கோட்டையைப் போல இந்தியத் தொல்லியல் துறையின் நீலப் பலகை நிற்கும் இடங்கள் இவை. இங்கே காட்சிப்பொருள் என்று தனியாக ஒன்றும் இல்லை, இடமே காட்சிப்பொருள்.

நான்காவது நினைவகம். ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878-இல் இராஜாஜி பிறந்த வீடு, சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று மறைந்த பாப்பாரப்பட்டியில் உள்ள மணிமண்டபம் போன்றவை செய்தி மக்கள் தொடர்புத் துறையின் பொறுப்பு. வழிபாட்டில் உள்ள பெரும்பாலான பழைய கோயில்கள் அறநிலையத் துறையின் கையில். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் கூரையில் இராமாயண, பாரத ஓவியங்கள் இருக்கின்றன. அங்கே நிமிர்ந்து பார்த்துவிட்டு வெளியே வருகிறவர், தாம் ஓர் ஓவியக்கூடத்துக்குப் போய் வந்ததாக நினைப்பதில்லை. நினைக்க வேண்டும்.

1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. மாவட்டம் பிரியும்போது ஆட்சியர் அலுவலகம் வருவதுபோல, அருங்காட்சியகம் கேட்கும் குரலும் சேர்ந்தே வருகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. 1965-க்கும் 2004-க்கும் இடையில் எழுதிய எந்தத் தொல்லியல் நூலிலும் கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, ஓசூர்ப் பகுதிக் கற்கள் 'தருமபுரி மாவட்டம்' என்றுதான் இருக்கும். பழைய பட்டியலில் நம் ஊரைத் தேடும்போது இதை மறந்தால், 'எங்கள் ஊரில் எதுவும் பதிவாகவில்லை' என்று தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

இந்த மண்ணில் என்ன இருக்கிறது?

தகடூர் (தருமபுரியின் பழைய பெயர்) அதியமான்களின் நாடு இது. சங்கப் பாட்டில் வரும் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர், இவ்வட்டாரத்துக்கு வெளியே, திருக்கோவலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981-இல் கண்டுபிடித்த தமிழ்பிராமிக் கல்வெட்டில் 'சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்று வருகிறது. ஆனாலும் இந்த வட்டாரத்தின் பெருஞ்செல்வம் அரசர்களுடையது அல்ல. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கும், புலியோடு கட்டிப் புரண்டு செத்தவனுக்கும் ஊரார் நட்ட கற்கள்தான் அது.

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேர்ந்தெடுப்பது, அதைக் கொண்டுவரத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. கடைசி இரண்டு படிகள் இங்கே இன்னும் நின்றுபோகவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர்களில் நடுகல்தான் வேடியப்பன். மஞ்சள் பூசி, எண்ணெய் வார்த்து, பொங்கல் வைக்கிறார்கள். ஆகவே இங்கே தொல்லியல் என்பது செத்துப்போன பொருளைப் பற்றியது என்று யாராவது நினைத்தால், அவர் வேடியப்பன் கோயில் பொங்கலுக்கு வந்ததில்லை என்று பொருள்.

நடுகல்லைப் படிக்கத் தெரிந்துகொண்டால் அகழ்வைப்பகத்தில் நேரம் போவதே தெரியாது. முதலில் உருவம். வீரன் கையில் வில்லா, குறுவாளா, கேடயமா? உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா? காலருகே மாடுகள் தெரிந்தால் அது மாடு பிடித்த அல்லது மீட்ட சண்டை. எதிரே புலி நின்றால் புலிகுத்திக் கல், காட்டுப்பன்றி நின்றால் பன்றிகுத்திக் கல். காலடியில் சிறிய கெண்டி போன்ற பாத்திரமும் சில கற்களில் உண்டு. காலத்தால் பிந்திய கற்கள் சில மூன்று அடுக்காக இருக்கும்: கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் வீரனை அழைத்துப் போவது, மேலே இலிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருப்பது. இதைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும்.

அடுத்து எழுத்து. பழைய கற்களில் வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்து இருக்கும். வாசகம் பெரும்பாலும் ஒரே வாய்பாடு. 'கோவிசைய' என்று தொடங்கி அரசன் பெயர், 'பருமற்கு யாண்டு' என்று அவன் ஆட்சியாண்டு, பிறகு யாருடைய ஆள் யார்மேல் போனான், 'தொறுக் கொண்ட ஞான்று' அதாவது மாட்டுமந்தையைக் கவர்ந்தபோது, 'பட்டான்' அதாவது செத்தான், கடைசியில் அவன் பெயரும் 'கல்' என்ற சொல்லும். இந்த ஐந்தாறு சொற்களை மனத்தில் வைத்துக்கொண்டு போனால், முழுக் கல்வெட்டும் புரியாவிட்டாலும், எந்த இடத்தில் பெயர் வரும் என்று விரல் நீட்டிக் காட்ட முடியும். நீட்டினால் போதும், தொட வேண்டாம்.

நடுகல்லுக்கு முந்திய காலமும் இங்கே நிறைய. மல்லசந்திரத்தில் பாறைமேல், இறந்தவர்களுக்காக எழுப்பிய கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்து, ஒரு பலகையில் வட்டமாகத் துளை போட்டிருப்பார்கள். அந்தத் துளைக்கு இடுதுளை என்று பெயர். இப்படிப்பட்டவற்றை ஊர்ப்பக்கம் பாண்டவர் வீடு, வாலியர் வீடு என்பார்கள். பர்கூர்ப் பக்கம் மல்லப்பாடியில் வெள்ளை நிறப் பாறை ஓவியங்கள் உண்டு. மயிலாடும்பாறையில் 2021-இலும், ஊத்தங்கரைப் பக்கம் சென்னானூரில் 2024-இலும் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது.

பதிவு: எல்லாவற்றுக்கும் முதல் படி

ஒரு கல் கண்ணில் பட்டால் செய்ய வேண்டியவை எளிது, செய்யக்கூடாதவை அதைவிட முக்கியம்.

முதலில் இடம். ஊர், வட்டம், புல எண், நிலம் யாருடையது, கைப்பேசியில் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை. புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுத வேண்டும். 'ஏரிக்கரை புளியமரத்தடி' என்று எழுதிய குறிப்பு, புளியமரத்தை வெட்டிய மறுநாளே செத்துப்போகிறது. இதே காரணத்தால் பழைய பட்டியல்களில் உள்ள பல கற்களை இன்று தேடிப் பிடிக்க முடியவில்லை.

அடுத்து அளவு: உயரம், அகலம், கனம், மூன்றும் சென்டிமீட்டரில். மண்ணுக்குள் இருப்பதைத் தோண்டி அளக்கக்கூடாது, 'தரைக்கு மேல்' என்று எழுதினால் போதும். எந்தத் திசை பார்க்கிறது, பக்கத்தில் வேறு கற்கள், கற்குவியல், கருப்பு-சிவப்பு ஓட்டுத் துண்டுகள், இரும்புக் கசடு ஏதாவது தெரிகிறதா என்றும் எழுத வேண்டும்.

பிறகு படம். உச்சிவெயிலில் எடுத்த படத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது. காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்தரைக்கும் பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், அப்போது எடுக்க வேண்டும். கல்லின் முகத்தில் இப்படிப் பக்கவாட்டு வெயில் விழாவிட்டால், இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் விளிம்பில் வைத்து, மேற்பரப்பை உரசிக்கொண்டு போகிற மாதிரி ஒளியை அடித்து எடுக்கலாம். டார்ச்சை இடம், வலம், மேல், கீழ் என்று மாற்றி நான்கு படம். ஒரு பக்கத்து வெளிச்சத்தில் மறைந்த கோடு இன்னொரு பக்கத்து வெளிச்சத்தில் எழுந்து வரும். ஒரு படத்திலாவது அளவுகோல் வைக்க வேண்டும். முப்பரிமாண வடிவம் வேண்டுமென்றால், கல்லைச் சுற்றி வந்து ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு முக்கால் பங்கு ஒத்துப்போகும்படி ஐம்பது முதல் நூறு படங்கள் எடுத்தால், இலவச மென்பொருளிலேயே செய்துவிடலாம்.

எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீசால் நிரப்புவதும், சுண்ணாம்பு, விபூதி, மாவு தேய்ப்பதும் கூடவே கூடாது. சாக்பீசால் எழுதுகிறவர் தாம் படித்ததாக நினைக்கும் எழுத்தைத்தான் எழுதுகிறார். அடுத்து வருகிறவர் கல்லைப் படிக்க மாட்டார், சாக்பீசைப் படிப்பார். பாறை ஓவியத்தின்மேல் தண்ணீர் தெளித்துப் படம் எடுப்பது இன்னும் கேடு. அந்தக் கணத்தில் நிறம் பளிச்சென்று தெரியும், காயும்போது பாறையிலிருந்து உப்பு மேலே வந்து வெள்ளைப் படலமாகப் படியும். நாலு பேர் நாலு முறை தெளித்தால் ஓவியம் அந்தப் படலத்துக்கு அடியில் போய்விடும்.

கல்வெட்டு என்றால் கடைசிப் படி மைப்படி. இதைப் பயிற்சி உள்ளவர்தான் செய்ய வேண்டும், ஆனால் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருந்தால் உதவலாம். கல்லைத் தண்ணீர் விட்டு நார்த் தூரிகையால் கழுவுவார்கள். கம்பித் தூரிகை ஆகாது, அது கல்லைக் கீறும். உறுதியான தாளை நனைத்துக் கல்லின்மேல் சுருக்கமில்லாமல் ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வெளியேற்றி, தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். தாள் அரை ஈரமாக இருக்கும்போது, துணிப்பந்தில் மையைத் தொட்டு ஒத்தி எடுப்பார்கள். மேடு கருக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும், எழுத்து தெரியும். கெடுவது இரண்டு இடத்தில். ஈரம் மிகுந்தால் மை ஊறிப் பரவி எழுத்து மூடிப்போகும், கல்லிலும் கறை படியும். காய்ந்துவிட்டால் தாள் காற்றில் விடுபட்டு, ஒத்தும்போது நகர்ந்து, ஒவ்வொரு எழுத்தும் இரட்டையாகும். வெயிலும் காற்றும் ஏறுவதற்குள் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. பல ஆண்டு எண்ணெய் ஊறிய வேடியப்பன் கல்லில் தாள் ஒட்டவே ஒட்டாது. அங்கே சோப்பும் அமிலமும் போட்டுத் தேய்க்காமல், பக்கவாட்டு வெளிச்சப் படத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பூசாரியின் சம்மதம் இல்லாமல் எதையும் தொடங்கக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எடுத்து வைப்பதா, விட்டு வைப்பதா?

ஊரில் ஆர்வம் பிறந்ததும் முதலில் எழும் பேச்சு, 'கல்லைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் வைப்போம்' என்பதுதான். நல்ல எண்ணம், ஆனால் அவசரப்படக்கூடாது.

மயிலாடும்பாறையைப் பாருங்கள். அங்கே இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். இந்தக் கணக்கு இரும்பைப் பார்த்து வந்ததல்ல. இரும்போடு அதே மண்ணடுக்கில் கிடந்த கரித்துண்டைக் கதிரியக்கக் கார்பன் முறையில் அளந்து வந்தது. யாராவது புதையல் தேடி அந்தக் குழியை முன்பே கிளறியிருந்தால், இரும்பு அப்படியே கிடைத்திருக்கும், காலம் கிடைத்திருக்காது. துருப்பிடித்த ஒரு கத்தி என்ற அளவில் அது நின்றிருக்கும். பொருளுக்கு மதிப்பைத் தருவது அது கிடந்த இடம். கல்திட்டைகளை உடைத்துப் புதையல் தேடுகிறவர்களுக்கு எலும்பும் ஓட்டாஞ்சில்லும் தவிர வேறெதுவும் கிடைக்கப் போவதில்லை. நமக்கோ அந்த இடத்தின் காலக்கணக்கே போய்விடுகிறது.

ஆகவே விதி இது: கல்லுக்கு ஆபத்து இல்லையென்றால் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். வழிபாட்டில் இருந்தால் கட்டாயம் அங்கேயே நிற்க வேண்டும், ஊர் வழிபாட்டைவிட நல்ல காவல் கிடையாது. சாலை விரிவாக்கம், கல்குவாரி, ஏரி மண் அள்ளுதல், வீட்டுமனைப் பிரிப்பு ஆகியவற்றால் நிச்சயமாக அழியப்போகிறது என்றால்தான் நகர்த்தலாம், அதுவும் துறைக்குச் சொல்லி, முழுப் பதிவுக்குப் பிறகு. கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல் வெட்டும் தொழில் பெரிது. கல்திட்டையும் பாறை ஓவியமும் இருப்பது அதே பாறைகளில்தான், எனவே இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி எழும்.

நகர்த்துவதாக இருந்தால் எடையை முதலில் கணக்கிட வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரம், 90 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் கனமுள்ள கல்லின் கன அளவு 0.27 கனமீட்டர். கருங்கல் கனமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன். ஆக, இந்தச் சாதாரண நடுகல் சுமார் 730 கிலோ. நாலு பேர் கடப்பாரையால் நெம்பித் தூக்கும் சரக்கல்ல இது. ஜேசிபி வாளியில் தள்ளி ஏற்றினால், வாளியின் பல் பட்ட இடத்தில் செதில் பெயர்ந்துவிடும். அது பெரும்பாலும் வீரனின் முகமாகத்தான் இருக்கும், ஏனென்றால் புடைத்து நிற்பது முகம். அகலமான துணிப்பட்டைகளைக் கல்லின் இரண்டு இடத்தில் சுற்றி, செயின் பிளாக்கால் தூக்கி, வைக்கோல் மெத்தைமேல் முதுகுப்பக்கம் படுக்கும்படி ஏற்ற வேண்டும். சங்கிலி நேரடியாகக் கல்லைத் தொடக்கூடாது.

நடும்போது செய்யும் பெரிய தவறு சிமென்ட். அடிப்பகுதியைச் சிமென்ட் கலவையில் புதைத்தால் அதிலுள்ள உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் ஏறி, தரைமட்டத்தில் மேற்பரப்பு பொரிந்து உதிரும். கல்வெட்டின் கடைசி வரிகள் அங்கேதான் இருக்கும். பின்னால் வேறிடத்துக்கு மாற்ற நினைத்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஜல்லி நிரப்பிய குழியில், தேவையானால் சுண்ணாம்புக் கலவையில், மழைநீர் தேங்காத மேட்டில் நிறுத்தினால் போதும். பெயின்ட் அடிப்பதும், மணல் வீச்சில் சுத்தம் செய்வதும் இதே கணக்கு. மணல் வீச்சு அழுக்கோடு எழுத்தின் விளிம்பையும் அரித்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

'சொன்னால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள்' என்ற பயத்தில் பலர் கல்லைப் புதைத்துவிடுகிறார்கள். பதிவு செய்வதால் மட்டும் யாருடைய பட்டாவும் மாறாது. இதை ஊரில் முதலில் புரியவைக்க வேண்டும்.

நாணயம், நகை, செப்புத் திருமேனி என்று மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும், 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் வழியாகப் போகும். பிறகு ஆட்சியர் விசாரித்து, உரிமை கோரிக் கிடைக்கிற மனுக்களைக் கேட்பார். புதைத்தவர் என்று யாரும் இல்லையென்றால், கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு. அவர்களுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். அரசே பொருளை எடுத்துக்கொண்டால், மூலப்பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். சொல்லாமல் மறைத்தவர் இந்தப் பங்கை இழப்பதோடு, ஓராண்டு வரை சிறைக்கும் ஆளாகலாம். பயத்தில் மறைப்பவர் சட்டம் தனக்குத் தரும் பணத்தைத்தான் விட்டுவிடுகிறார்.

நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பங்கள் போன்றவை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்கு அருகே வீடுள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது தூரக்கணக்கு. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் வந்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கு வெளியே மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். கோட்டைச் சுவரிலிருந்து அளந்துவிட்டுத் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் உண்டு. அளவு தொடங்குவது பாதுகாக்கப்பட்ட நிலத்தின் எல்லைக் கல்லிலிருந்து. 100 மீட்டருக்குள் ஏற்கெனவே உள்ள வீட்டைப் பழுதுபார்க்கலாம், அதற்கும் முன்அனுமதி வேண்டும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மாநில அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களுக்கு 1966-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. கோட்டையில் பெயர் செதுக்கும் காதலர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

உள்ளே வந்த பிறகு

அருங்காட்சியகத்துக்குள் வந்த பொருளுக்கு முதலில் கிடைப்பது ஓர் எண். வரவுப் பதிவேட்டில் எந்த நாளில், யாரிடமிருந்து, எந்த இடத்திலிருந்து வந்தது, என்ன நிலையில் இருந்தது என்று ஒரு வரி. அதே எண்ணைப் பொருளின் கண்ணில் படாத பக்கத்தில் எழுதுவார்கள்: முதலில் அக்ரிலிக் பிசினில் மெல்லிய பூச்சு, காய்ந்ததும் அதன்மேல் மையில் எண், அதன்மேல் மறுபடி ஒரு பூச்சு. நேரடியாகக் கல்லில் பெயின்டால் எழுதினால் போகாது, மேலே ஒட்டுத்தாள் ஒட்டினால் நிற்காது. எண் தொலைந்த பொருள், ஊர் தொலைந்த பொருள்.

கல்லைவிட இரும்புக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும். இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த இரும்பு, மண்ணின் உப்பை உள்ளே வாங்கியிருக்கும். வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் பட்டுப் புதிதாகத் துருவேறி, உள்ளிருந்து வெடித்து அடுக்கடுக்காகப் பிரியும். காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, அதன் நிறம் மாறும்போதெல்லாம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மறந்தால், சில மழைக்காலத்தில் கத்தி இருந்த இடத்தில் செம்மண் நிறத்தூள் இருக்கும். துணி, ஓலைச்சுவடி, ஓவியம் ஆகியவற்றுக்கு வெளிச்சம் பகை. 50 லக்ஸுக்கு மேல் போகக்கூடாது என்பது பொது நடைமுறை, அதாவது நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் அளவு. 'லைட்டே சரியில்லையே' என்று பார்வையாளர் குறைப்படும் அறை பெரும்பாலும் சரியாகப் பராமரிக்கும் அறை.

விளக்கப் பலகையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டும். இந்த வேலையில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது இதுதான், மிக அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுதான். 'நடுகல். கி.பி. 8-ஆம் நூற்றாண்டு' என்று எழுதிய பலகை, ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் பயன்படும். ஐம்பது, அறுபது சொற்களில், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுத முடியும். மாதிரிக்கு ஒன்று: 'வீரனின் இடக்கையில் வில் இருக்கிறது, பாருங்கள். மார்பிலும் தொடையிலும் தைத்திருப்பவை எதிரியின் அம்புகள். காலடியில் வரிசையாக நிற்பவை அவன் மீட்ட மாடுகள். மேலே உள்ள எழுத்து வட்டெழுத்து. அதில் அவன் பெயரும், எந்த அரசன் காலத்தில் இறந்தான் என்பதும் உள்ளன. இந்தக் கல் இன்ன ஊரின் ஏரிக்கரையில் நின்றது. கரையை அகலப்படுத்தியபோது இங்கே கொண்டுவரப்பட்டது.' கடைசி வரிதான் அந்த ஊரிலிருந்து வரும் பிள்ளையைக் கல்லின் முன் நிறுத்தி வைக்கும். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் பெரியவர்களுக்குச் சரி. பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வருகிற இடத்தில் இன்னும் கீழே. ஓசூர்ப் பக்கத்துக் கற்களில் கன்னட, தெலுங்கு எழுத்துகளும் உண்டு, வருகிறவர்களிலும் அந்த மொழி பேசுகிறவர்கள் உண்டு. அங்கே தமிழோடு அந்த மொழியிலும் இரண்டு வரி இருப்பது நியாயம்.

கூத்துக்களமும் மரபிடம்தான்

கலையரங்கு என்றதும் மேடை, திரை, நாற்காலி என்று திட்டம் போடுகிறார்கள். இந்த வட்டாரத்தின் பெரிய அரங்கக்கலை தெருக்கூத்து. திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசியில் துரியோதனன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளம். கூத்துக்கு வேண்டியது சுமார் இருபதடிக்கு இருபதடி சமதளமான மண்தரை. பின்னால் வாத்தியக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு, அதற்கும் பின்னால் வேஷம் கட்ட மறைவான இடம். மூன்று பக்கமும் சனங்கள் தரையில் உட்கார வேண்டும். நாலடி உயர மேடையில் ஏற்றினால், கூத்தைக் கொண்டுசெல்லும் கோமாளியான கட்டியங்காரன் சனங்களோடு பேசுகிற பேச்சு பாதி செத்துப்போகும். சலங்கை கட்டிய காலுக்குச் சிமென்ட் தரை விடிய விடிய ஆட ஏற்றதுமல்ல.

படுகளத்துக்கு இன்னும் அதிக இடம் வேண்டும். துரியோதனன் உருவத்தை மண்ணால் தரையில் படுக்க வைத்தபடி பல பத்தடி நீளத்துக்குச் செய்வார்கள், அதைச் சுற்றிச் சண்டை நடக்கும். இதற்குக் களிமண் பாங்கான திறந்த நிலமும், பக்கத்தில் மண் எடுக்க ஏரியும் வேண்டும். நல்ல நோக்கத்தில் ஊராட்சி அந்தத் திடலில் பேவர் பிளாக் பதித்துவிட்டாலோ, சமுதாயக்கூடம் கட்டிவிட்டாலோ, அடுத்த ஆண்டு உருவம் சுருங்கும், பிறகு படுகளமே ஒரு சடங்காகக் குறுகிவிடும். கட்டடம் கட்டிக் கலையை வளர்ப்பதைவிட, இருக்கிற மண் திடலைக் கட்டடம் வராமல் காப்பது இந்த ஊர்களுக்கு அவசரமான வேலை. செலவும் குறைவு: தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், கழிப்பறை, ஆட்டக்காரர்கள் வேஷம் கட்ட ஓர் ஓட்டுக் கொட்டகை.

ஊர் எங்கே தொடங்கலாம்?

ஊருக்கு ஓர் நோட்டுப் புத்தகம் போதும். நடுகல், கல்திட்டை, பழைய கோயில், குளம், கூத்துத் திடல், பழைய சாவடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். புல எண், அளவு, படம் எடுத்த தேதி, அதைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் பெயரும் கதையும். கதை வரலாற்றோடு பொருந்தாவிட்டாலும் அப்படியே எழுத வேண்டும், திருத்தக்கூடாது. ஆண்டுக்கொரு முறை அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் படம் எடுத்தால், எந்தக் கல் சாய்கிறது, எங்கே மண் அள்ளுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

பட்டியல் தயாரானதும் மூன்று பிரதி. ஒன்று கிராம நிர்வாக அலுவலருக்கு, ஒன்று தொல்லியல் துறைக்கு, ஒன்று மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கு. அதோடு கிராமசபையில் வைத்துத் தீர்மானமாக எழுதிக்கொள்வது நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. தீர்மானத்தில் புல எண் இருக்க வேண்டும். 'ஊரிலுள்ள பழைமையான சின்னங்களைப் பாதுகாக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதினால், சாலை ஒப்பந்தக்காரர் மண் வெட்டும் இயந்திரத்தோடு வந்து நிற்கும் நாளில் அவரிடம் காட்ட எதுவும் இருக்காது. 'இன்ன புல எண்ணில் உள்ள நடுகல்லும் அதைச் சுற்றி இத்தனை சென்ட் நிலமும்' என்று இருந்தால், தாசில்தார் அலுவலகத்துக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போகலாம்.